கன்னடம் தெரிந்தவனுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர்

என் தம்பிக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும். ஜீவனஹள்ளியில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? லீக் ஆட்டங்களில் அம்பயர்களோடு அவன் போட்ட சண்டையெல்லாம் கன்னடத்தில்தான். ஒரு முறை மஞ்சள் அட்டை வாங்கி வெளியே வந்து உட்கார்ந்த பிறகும் கோட்டுக்கு வெளியிலிருந்தே பேசிக்கொண்டிருந்தான். கேட்டுக்கொண்டிருந்த எதிர் அணிப் பயிற்சியாளர், சண்டையை விட்டுவிட்டு, எந்த ஊர்ப் பையன், இவ்வளவு நல்ல கன்னடம் பேசுகிறானே என்று என்னிடம் விசாரித்தார். அப்படிப்பட்டவன், இயேசுவைப் பற்றிப் பேச மேடை ஏறினால் மட்டும், பக்கத்தில் ஒருவர் நின்று அவனுடைய தமிழைக் கன்னடத்தில் சொல்ல வேண்டும். ஏன்டா என்று கேட்டால், மனசிலிருந்து வருவது தமிழில்தான் வருகிறது என்கிறான். அம்பயரைத் திட்டியது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சிரித்தான். இந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகாது.

ஹாக்கி பார்க்கிறவர்களுக்கு அவனைத் தெரிந்திருக்கும். பல வருடம் இந்திய அணியில் ஃபுல்பேக். பெனால்டி கார்னர் கிடைத்தால் மற்றவர்கள் ஒதுங்கி நிற்பார்கள், இவன் வந்து அடிப்பான். எங்கள் தெரு முனை பேக்கரியில் லட்சுமி படத்துக்கும் கேக் விலைப் பலகைக்கும் நடுவில் அவன் படம் மாட்டியிருக்கிறது. விமான நிலையத்தில் ஆட்கள் அவனோடு செல்ஃபி எடுத்துக்கொள்ள வரிசையில் நிற்பார்கள். நான் பையைப் பிடித்துக்கொண்டு தூண் ஓரமாக நிற்பேன். யாராவது என்னிடம் ஃபோனைக் கொடுத்து, மேடம், ஒரு ஃபோட்டோ எடுங்க என்பார்கள். எடுத்துக் கொடுப்பேன்.

அவன் ஐந்தாவது படிக்கும்போது அம்மா போய்விட்டாள். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட். நான் அவனைவிட எட்டு வயது பெரியவள். அவனை விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பித் திடலுக்கு அனுப்புவது என் வேலை ஆயிற்று. எங்கள் வீட்டு அடுப்படி ட்யூப்லைட்டுக்கு ஸ்டார்ட்டர் கோளாறு. போட்டவுடன் எரியாது, நாலைந்து தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டுத்தான் எரியும். நான் கூப்பிட்டு எழாதவன் அந்தச் சிமிட்டலில் எழுந்துவிடுவான். ராகிக் கஞ்சி, முட்டை. மழைக்காலத்தில் அவன் ஷூவை ஃபிரிட்ஜுக்குப் பின்னால் வைத்துக் காய வைப்பேன், வீடு முழுக்க நாறும். அவனுக்கு மாநில அணி வந்தது, இந்திய அணி வந்தது, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையும் வந்தது. நான் காக்ஸ் டவுன் பக்கம் ஒரு பல் மருத்துவமனையில் ரிசப்ஷனில் சேர்ந்தேன். அவன் ஊரில் இருக்கும் நாட்களில் நாலு மணிக்கு எழுப்புவது மட்டும் நிற்கவில்லை.

இதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்குக் கல்யாணம் ஆகாததற்கும் ஹாக்கிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெண் பார்க்க வந்தவர்களை நீங்கள் பார்த்திருந்தால் உங்களுக்கே புரியும். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அவன் நன்றாக ஆடினான், நான் நன்றாக எழுப்பினேன். ஒரு வீட்டுக்கு அது போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த பெரிய போட்டிக்கான முகாமுக்கு அவன் பெயர் வந்த வாரம். ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். கறிக்குழம்பு. முகாமுக்கு எந்தப் பை வேண்டும், பழையதா புதியதா என்று கேட்டேன். அவன் கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு, முகாமுக்குப் போகவில்லை, ஊழியத்துக்குப் போகிறேன் என்றான். எங்களைப் போன்றவர்கள் வீட்டில் ஊழியம் என்றால் ஆஸ்பத்திரியில் ஜெபம் பண்ணுவது, ஜெயிலில் பாட்டுப் பாடுவது இப்படி எதுவும் இருக்கலாம். சரி, சாயங்காலம் எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று கேட்டேன். திரும்ப மாட்டேன் என்றான்.

வடக்கே ஒரு மலைக்காடாம். பஸ்ஸை விட்டு இறங்கி முக்கால் பகல் நடக்க வேண்டுமாம். அங்கே உள்ளவர்களோடு இருந்து, அவர்கள் பாஷையைக் கற்று, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்து, சுவிசேஷம் சொல்ல வேண்டுமாம். மிஷனரி. வேலையை ஏற்கெனவே ராஜினாமா செய்துவிட்டான். ஹாக்கிக்காரர்களிடமும் சொல்லிவிட்டான். ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு என்னிடம் கடைசியாகச் சொல்கிறான். கேட்டால், உன்கிட்ட சொல்றதுதான்க்கா பயமா இருந்துச்சு என்கிறான். நாலு கண்டத்து ஃபார்வர்டுகள் ஓடி வந்து நெஞ்சில் மோதியும் பயப்படாதவன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கும் இயேசுவுக்கும் எந்தத் தகராறும் இல்லை. நானும் பாடகர் குழுவில் பாடுகிறவள், உபவாச ஜெபத்துக்குப் போகிறவள். அவரை எனக்குப் பிடிக்கும். அவரிடம் போய்ச் சேர்ந்த பிறகு என் தம்பி ஆன விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

அவன் கிளம்புவதற்கு முந்தைய சில மாதங்களைச் சொல்கிறேன். சாந்தமாகிவிட்டான். அதைப் போல ஒரு பேஜார் இந்த உலகத்தில் இல்லை. எதிர் வீட்டுக்காரர் எப்போதும் எங்கள் கேட்டை மறித்துத்தான் ஸ்கூட்டரை நிறுத்துவார். முன்பெல்லாம் தம்பி அந்த ஸ்கூட்டரை அப்படியே தூக்கி அவர் வீட்டு வாசற்படியிலேயே வைத்துவிட்டு வருவான். தெருவே வேடிக்கை பார்க்கும். இப்போது அந்த மனிதருக்காக ஜெபிக்கிறான். ஜெபித்தால் ஸ்கூட்டர் நகருமா? நான்தான் தள்ளிவைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன். வீட்டில் டி.வி. ரிமோட்டுக்கு நாங்கள் சண்டை போடாத நாள் கிடையாது. இப்போது நான் கேட்பதற்கு முன்பே நீட்டுகிறான். நான் சாப்பிட்ட தட்டை எடுத்துப்போய்க் கழுவுகிறான். நான் கத்தினால், ஸாரிக்கா என்று முந்திக்கொள்கிறான். பந்தைத் திருப்பியே அடிக்காதவனோடு எப்படி ஆடுவது? சுவரோடு பேசலாம், சுவராவது சிரிக்காது.

எல்லாவற்றையும்விட என்னை எரிச்சல் படுத்தியது அந்த ஸ்ட்ரோக் விஷயம்.

டி.வி.யில் நாடே பார்த்த ஓர் ஆட்டம். கடைசி நிமிடத்தில் நமக்கு ஒரு பெனால்டி ஸ்ட்ரோக் கிடைத்தது. கோல்கீப்பர் தனியாக நிற்பார், எதிரே ஒருவர் மட்டும் அடிக்க வேண்டும். இவன்தான் அடித்தான். கோல்கீப்பர் பாய்ந்து தடுத்துவிட்டார். ஆட்டம் போயிற்று. இவனைத் திட்டாதவர்கள் இல்லை. ஆனால் அடிக்கிறவர் பந்தைத் தொடுவதற்கு முன் கோல்கீப்பர் காலை நகர்த்தக் கூடாது, நகர்த்தித் தடுத்தால் மறுபடி அடிக்க விட வேண்டும், அது விதி. அந்த கோல்கீப்பர் நகர்த்தினார். அந்த வீடியோவை எனக்கு எத்தனை தடவை போட்டுக் காட்டியிருப்பான் என்று கணக்கே இல்லை. மெதுவாக ஓடவிட்டு, விரலைத் திரையில் வைத்து, பாருக்கா, பூட்ஸைப் பாரு, பந்து இங்கே இருக்கு, பூட்ஸ் எங்கே இருக்கு பாரு என்பான். சோறு ஆறிப்போகும். நான் பார்த்தேன், நகர்ந்துதான் இருந்தது. ஹாக்கியில் எனக்கு வேறு எதுவும் தெரியாவிட்டாலும் அந்த பூட்ஸ் தெரியும். அப்படி வருடக்கணக்கில் கத்தியவன், இப்போது மேடையில் ஏறி, நான் தவறவிட்டேன், தேவன் என்னைத் தாழ்த்தினார் என்கிறான். தேவன் தாழ்த்தியதாகவே இருக்கட்டும். அந்த கோல்கீப்பரை எதற்கு விட்டுவிட வேண்டும்?

மேடையில் அவன் பேசுவதற்குச் சாட்சி என்று பெயர். கோர்ட் சாட்சி இல்லை. முன்பு நான் எப்படி இருந்தேன், ஆண்டவர் என்னை எப்படி மாற்றினார் என்று சபைக்கு முன்னால் சொல்வது. எங்கள் கூட்டங்களில் அதற்குத்தான் மவுசு. முன்பு எவ்வளவு மோசமாக இருந்தானோ அவ்வளவு நல்ல சாட்சி. திருந்திய ரவுடி கிடைத்தால் மூன்று நாள் கூட்டத்துக்கும் ஆள் வரும். இதில் என் தம்பிக்கு ஒரு கஷ்டம். அவன் பெரிதாக ஒரு தப்பும் செய்ததில்லை. நாலு மணிக்கு எழுந்து ஒன்பது மணிக்குத் தூங்கிவிழுகிறவனுக்குத் தப்பு செய்ய நேரம் ஏது? அதனால் அவன், மனசு வெறுமையாக இருந்தது, இருட்டில் இருந்தேன் என்று பொதுவாகச் சொல்லிவைப்பான். அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன்.

ஆனால் பக்கத்தில் அந்த மொழிபெயர்ப்பாளர் இருந்தாரே. இவனைக் காட்டுக்கு அனுப்புகிற மிஷன் சங்கத்துக்காரர்கள் கூட்டத்துக்குக் கூட்டம் அவரைத்தான் அனுப்புவார்கள். குண்டான, நல்ல மனிதர், ஹாக்கிப் பைத்தியம், பெரிய குரல். இவன் தமிழில் ஒரு வரி சொன்னால் அவர் கன்னடத்தில் மூன்று வரி சொல்வார். அடுகோடியில் நடந்த ஒரு கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். மேட்ச் முடிந்தால் டீமோடு வெளியே போவேன் என்றான் இவன். மதுவிலே விழுந்து, வீதியிலே புரண்டேன் என்றார் அவர். இவன் அதற்கு மேல் வாயைத் திறக்கவே இல்லை. அவராகவே இவன் முன்பல்லைச் சுட்டிக்காட்டி, குடிச் சண்டையில் உடைந்த பல் இது என்று சொல்லிவிட்டார். அந்தப் பல் பயிற்சியில் பந்து பட்டு உடைந்தது. கட்டியது எங்கள் டாக்டர். பஞ்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் நான்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பிறகு இவன், நான் இருட்டில்தான் வளர்ந்தேன் என்றான். அவர் கையை விரித்து, தாயில்லாத அந்த வீட்டில் விளக்கேற்ற ஓர் ஆள்கூட இல்லை என்றார். கூட்டம் உச்சுக் கொட்டியது. பக்கத்திலிருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் என் தம்பியைப் பார்த்தேன். அவனுக்கு ஒவ்வொரு எழுத்தும் புரியும். அவன் தலையைக் குனிந்துகொண்டு, அவர் முடிக்கட்டும் என்று நின்றான்.

விளக்கேற்ற ஆளில்லையாம். மின்சாரக் கட்டணத்தை யார் கட்டினார்கள் என்று எழுந்து கேட்கலாம் போலிருந்தது.

அதற்குப் பிறகு மருத்துவமனைக்குப் பல் வலியோடு வருகிறவர்களெல்லாம் என் கையைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். தம்பி குடித்த காலத்தில் நீங்கள் என்ன பாடு பட்டிருப்பீர்கள் சிஸ்டர் என்பார்கள். அவன் குடித்ததே இல்லை என்பேன். விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள் என்று இன்னும் அதிகமாக இரக்கப்படுவார்கள். ஒரு பெண் வாயில் மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகும், கோணல் வாயோடு எனக்காக ஜெபம் பண்ணினாள். நான் ஆமென் சொல்லி, அடுத்தவரை உள்ளே அனுப்பினேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவனைப் பிடித்துக்கொண்டேன். நீ போவதைத் தடுக்கவில்லை, தடுத்தால் நிற்கிற ஆளும் நீ இல்லை என்றேன். எந்தக் காட்டுக்கு வேண்டுமானாலும் போ. ஆனால் இங்கே நடந்ததைக் குப்பை என்று சொல்லிவிட்டுப் போகாதே. அது உன் வாழ்க்கை மட்டும் இல்லை, என்னுடையதும் அதற்குள்தான் இருக்கிறது.

"போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தபா மேடையில சொல்லிடு. எங்க வீடு இருட்டா இல்லேன்னு சொல்லிட்டுப் போ."

அவன் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"சாட்சின்னா அப்படித்தான்க்கா இருக்கும். நம்ம வீட்டைச் சொல்லலை, என் மனசைச் சொன்னேன். ஜனங்களுக்கு அது புரியும்."

எனக்குப் புரியவில்லை என்றேன். ஸாரிக்கா என்றான். அந்த டம்ளரை அவன் மேல் எறியாமல் விட்டதற்கு ஆண்டவர் எனக்குத்தான் ஒரு மெடல் கொடுக்க வேண்டும்.

அவன் கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை ஈஜிபுராவில் வழியனுப்பு ஆராதனை. அங்கே தமிழ்ச் சபையும் கன்னடச் சபையும் ஒரே கட்டிடத்தைக் காலையும் மாலையுமாகப் பங்குபோட்டு வைத்திருக்கின்றன. அன்றைக்கு இரண்டும் சேர்ந்து நடத்தின. ஆராதனை முடிந்து சாப்பாடு. பின்பக்கம் ஷாமியானா போட்டு பிரியாணி வெந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு. அங்கேயே நின்றுகொண்டால் சாட்சியைக் கேட்காமல் தப்பிக்கலாம் என்று நானாகக் கேட்டு வாங்கிய பொறுப்பு.

ஆராதனை தொடங்கும் நேரத்தில் போதகர் என்னைத் தேடிக்கொண்டு பின்பக்கம் வந்தார். மொழிபெயர்ப்பாளருக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். முந்தின இரண்டு நாளும் கூட்டம் கூட்டமாகக் கத்தியதில் குரலே வரவில்லையாம். கன்னடம் நன்றாகத் தெரிந்தவர்கள் யார் என்று கேட்டதற்கு என் தம்பி என்னைக் காட்டியிருக்கிறான். அவனுக்கே தெரியுமே, அவனே சொல்லிக்கொள்ளட்டுமே என்றேன். இல்லை சிஸ்டர், அவருக்குத் தமிழில்தான் பாரம் வருகிறது, உருக்கம் வருகிறது என்றார் போதகர் மிகுந்த மரியாதையோடு. நான் கரண்டியைச் சமையற்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனேன்.

மேடையில் இரண்டு மைக். ஒன்றின் முன் என் தம்பி வெள்ளைச் சட்டையில். இன்னொன்றின் முன் மசாலா வாசனையோடு நான். முதல் வரிசையில் அந்த மொழிபெயர்ப்பாளர் கழுத்தில் மஃப்ளர் சுற்றி, மடியில் வெந்நீர் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் காது சரியாகக் கேட்காத ஒரு வயதான கன்னட அம்மா.

அவன் தொடங்கினான். மேட்ச் முடிந்தால் டீமோடு வெளியே போவேன் என்றான். நான் கன்னடத்தில், மேட்ச் முடிந்தால் டீமோடு வெளியே போய் ஜூஸ் குடித்துவிட்டு, ஒன்பது மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவான் என்றேன். அவன் என்னை ஓரக்கண்ணால் பார்த்தான். முதல் வரிசையில் மொழிபெயர்ப்பாளர் இரண்டு கையையும் மேலே தூக்கி, இன்னும் ஏற்று, இன்னும் ஏற்று என்று ஜாடை காட்டினார். நான் வேறு பக்கம் பார்த்தேன். மனசு வெறுமையாக இருந்தது என்றான். மனசுதான் வெறுமை, வயிறு இல்லை, தினம் முட்டை சாப்பிட்டான் என்றேன். கன்னடக்காரர்கள் பக்கம் சிரிப்பு. தமிழ்க்காரர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

பிறகு அவன் அந்த ஸ்ட்ரோக்குக்கு வந்தான். கண்ணை மூடிக்கொண்டு, நான் தவறவிட்டேன் என்றான்.

எத்தனை மாதமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மைக்கைப் பக்கத்தில் இழுத்தேன். ஆமாம், தவறவிட்டான் என்று கன்னடத்தில் சொன்னேன். மோசமான அடி. பந்துக்கு நடக்கவே வலுவில்லை. அந்த கோல்கீப்பர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாலும் பிடித்திருப்பார். அவர் மேல் ஒரு தப்பும் கிடையாது, நின்ற இடத்தில் நின்றார்.

அவன் கண் திறந்தது.

"ஏய், அவன் நகர்ந்தான்."

கன்னடத்தில் சொன்னான். அதுவும் மைக்கில். நகரவில்லை என்றேன் நான். நகர்ந்தான், பந்து இங்கே இருக்கும்போது அவன் பூட்ஸ் எங்கே இருந்தது, நீதானே வீடியோவில் பார்த்தாய், மறுபடி அடிக்க விட்டிருக்க வேண்டும், அந்த அம்பயருக்குக் கண்ணே இல்லை என்று மளமளவென்று கொட்டினான். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது. என் பக்கம் விரலை நீட்டினான். முதல் வரிசையில் மொழிபெயர்ப்பாளர் தாங்க முடியாமல் எழுந்து நின்றுவிட்டார். குரல் வரவில்லை. அதனால் கோல் கோட்டில் நிற்பதுபோல நின்று, தன் வலது காலை நகர்த்தி நகர்த்தி, சபை முழுவதற்கும் அந்த கோல்கீப்பரைச் செய்து காட்டினார். ஃபிளாஸ்க் உருண்டுபோயிற்று. போதகர் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல முடியாது. மாதக்கணக்கில் காணாமல் போயிருந்தவன் திரும்பி வந்து என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். அப்படியே இன்னும் கொஞ்ச நேரம் கத்தட்டும் என்று இருந்தது.

அவனும் பாதியில் நிறுத்தினான். தான் எங்கே நிற்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது போலிருந்தது. சிரித்தான். அந்த ஸாரிக்கா சிரிப்பு இல்லை, ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடும்போது சிரிப்பானே, அது. பிறகு சபையின் பக்கம் திரும்பாமல் என்னையே பார்த்துக்கொண்டு தமிழில் பேசினான்.

"எல்லாரும் நான் பேரு புகழை விட்டுட்டு வந்தேன்னு சொல்றாங்க. அதை விடறதுக்கு ஒண்ணும் கஷ்டமா இல்லை. எங்க வீட்டுல நாலு மணிக்கு ஒரு ட்யூப்லைட் எரியும். போடறது எங்க அக்கா. அதை விட்டுட்டுப் போறதுதான் என்னால முடியலை. அதுக்காகத்தான் ஜெபம் பண்ணிக்கினு இருக்கேன்."

தமிழ்ப் பக்கம் ஸ்தோத்திரம்கூட வரவில்லை. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் வார்த்தை என்ன என்பதே தெரியவில்லை. கன்னடத்தில் ட்யூப்லைட்டுக்கு ட்யூப்லைட்தான், அக்காவுக்கு அக்காதான், அவ்வளவு லேசான வாக்கியம்.

முதல் வரிசையில் அந்த வயதான அம்மா காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "ஏனு ஹேளித்ரம்மா?" என்று என்னைக் கேட்டார். என்ன சொன்னார் அவர்?

"ஊட்டா ரெடி ஆகிதெயந்தெ" என்றேன். சாப்பாடு தயாராகிவிட்டதாம்.

கன்னடக்காரர்களில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். பின் வரிசையில் ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஷாமியானா பக்கம் நடக்கவே ஆரம்பித்துவிட்டார். போதகருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"நான் அதையாக்கா சொன்னேன்?" என்றான் தம்பி.

அவன் என் கையிலிருந்து கன்னட மைக்கை வாங்கிக்கொண்டான். உட்காருங்கள், அக்கா தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் அந்த அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி உரக்க, கன்னடத்தில் அவனே சொன்னான். அம்பயரைத் திட்டிய அதே ஜீவனஹள்ளிக் கன்னடம். ஒன்றைக் கூட்டவில்லை, ஒன்றைக் குறைக்கவில்லை. ட்யூப்லைட் என்று சொல்லும்போது விரல்களைச் சேர்த்துச் சேர்த்து விரித்து, அது எப்படிச் சிமிட்டும் என்றுகூடக் காட்டினான். ஸ்டார்ட்டர் கோளாறையும் விடவில்லை.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இத்தனை கூட்டங்களில் இந்தக் கன்னடத்தை எங்கே ஒளித்துவைத்திருந்தான்? முதலிலேயே இப்படிப் பேசித் தொலைத்திருந்தால் அந்தப் பல்லும் குடிச் சண்டையில் உடைந்திருக்காது, நானும் ஊர் முழுக்க ஜெபம் வாங்கியிருக்க வேண்டாம். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பிரியாணியைப் பார்க்கப் போனேன்.

பரிமாறும்போது அந்த வயதான அம்மா தட்டோடு என் முன்னால் வந்து நின்றார். ஏதாவது ஜெபம் பண்ணப் போகிறார் என்று நான் கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் குனிந்து, ரகசியம்போல, ஸ்டார்ட்டர் ஒன்றும் பெரிய விஷயம் இல்லையே, மாற்றிவிடக் கூடாதா என்று கேட்டார்.

மாற்றிவிடுகிறேன் என்றேன். அவன் போய் ஒரு மழைக்காலமும் முடிந்துவிட்டது. இன்னும் மாற்றவில்லை.